பச்சை எதைத் தின்னும்?

எஸ்கிலைப் பற்றி யாராவது எழுத வேண்டுமென்றால் அது நானாகத்தான் இருக்க வேண்டும். பதினெட்டு வருடம் அவன் ஏறிய ஏணியைக் கீழே நின்று பிடித்தவள் நான். கோபன்ஹேகனின் பழைய அடுக்குமாடிகளில் பின்பக்கம் ஒரு மாடிப்படி இருக்கும். சமையலறைக் கதவைத் திறந்தால் நேராக அதில்தான் கால் வைக்க வேண்டும். குறுகலாக, இருட்டாக, ஐந்து மாடிக்கும் சுற்றிச் சுற்றிப் போகும். அந்த மாதிரி மாடிப்படிகளுக்கு பெயிண்ட் அடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. எங்கள் பெயிண்ட் வேனில் எழுதியிருப்பது டோர்தே என்ற என் பெயர். மேலே ஏறுவது அவன். எனக்கு முழங்கால் போய்விட்டது, வாய் மட்டும் நன்றாக இருக்கிறது.

ஆனால் வாயில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. காலை ஏழு மணிக்கு வேனில் ஏறினால் மூன்றரைக்கு இறங்கும்வரை பேச்சுதான். அதுவும் ஊர்வம்பு என்றால் காது கொடுத்துக் கேட்கலாம். அவனுக்கு எல்லாம் கேள்வி.

"ஏன் டோர்தே, டைட்டானியம் போட்ட பெயிண்ட் வெள்ளையா இருக்கு, இரும்பு போட்டது செங்கல் நிறத்துல இருக்கு. ரெண்டும் உலோகந்தானே?"

"ஏன்னா டின்மேல அப்படித்தான் எழுதியிருக்கு. மூலையை விடாம அடி."

"கோபால்ட்டு நீலமா இருக்கு. அதே கோபால்ட்டு வேற டின்னுல பச்சையா இருக்கு. எப்படி?"

"டேய், கடைக்காரனைப் போய்க் கேளுடா!"

கேட்டான். கடைக்காரன் கம்பெனிக்கு எழுதச் சொன்னான். இவன் கம்பெனிக்கும் எழுதினான். கம்பெனி ஒரு காலண்டர் அனுப்பியது.

அவனுக்கு நாற்பத்தொன்று நடந்த ஆகஸ்டில், வெஸ்டர்புரோ பகுதியில் ஒரு மூன்றாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கறுப்பு ரொட்டி, ஈரல் விழுது, மேலே ஊறுகாய் போட்ட பீட்ரூட். திடீரென்று அவன் பேச்சை நிறுத்தினான். பதினெட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"டோர்தே, எனக்கு யுனிவர்சிட்டில இடம் கிடைச்சிருக்கு. கெமிஸ்ட்ரி."

"எங்க பெயிண்ட் அடிக்கணும்? எத்தனை மாடி?"

"பெயிண்ட் அடிக்க இல்ல முதலாளியம்மா. படிக்க."

பீட்ரூட் என் சட்டையில் விழுந்தது. விசாரித்துப் பார்த்தால், இரண்டு குளிர்காலமாகச் செவ்வாயும் வியாழனும் பேட்மின்டன் விளையாடப் போகிறேன் என்று சொன்னவன் மாலைப் பள்ளியில் கணக்கும் வேதியியலும் படித்திருக்கிறான். நானும் ஒரு மடச்சி! இரண்டு வருடம் பேட்மின்டன் ஆடிய மனுஷனுக்கு ஒரு கிலோகூடக் குறையவில்லையே என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

"பதினெட்டு வருஷம் கூட இருந்தவகிட்ட பொய் சொல்லியிருக்க."

"நீ சிரிப்பியோன்னு பயந்தேன்."

"சிரிக்கத்தான் போறேன். முதல்ல கோபம் ஆறட்டும்."

கோபம் ஆறவில்லை. சனிக்கிழமைகளிலும் விடுமுறையிலும் உன்னோடு வேலைக்கு வருகிறேன் என்றான். அப்புறம் அங்கே இருக்கும் ஒரு விதியைச் சொன்னான். ஒரு பாடத்தின் தேர்வை மூன்று தடவை எழுதலாம். மூன்றாவது தடவையும் தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அந்தப் படிப்பே முடிந்தது.

"அனுப்பிட்டா?"

"உங்கிட்டதான் வருவேன். வேற எங்க போவேன்?"

அந்த ஒரு வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். அவன் இடத்துக்கு நான் வேறு ஆளே எடுக்கவில்லை. பெயிண்ட் கடையில் கேட்டார்கள், பெயிண்டர் சங்கத்தில் கேட்டார்கள். நல்ல ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். உண்மை என்னவென்றால் நான் தேடவே இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு நானே ஏணியில் ஏறினேன். வேனில் அவன் சீட் காலியாகவே வந்தது. அத்தனை வருடம் "வாயை மூடுடா" என்று கத்தியவளுக்கு அந்த அமைதி தாங்கவில்லை. வானொலியைப் போட்டேன். அது கேள்வி கேட்காது, என்ன பிரயோஜனம்?

முதல் வருடம் அவன் தாண்டிவிட்டான். இரண்டாம் வருடத்தில் வந்தது இடைநிலை உலோகங்கள் என்று ஒரு பாடம். கோபால்ட், குரோமியம், இரும்பு, செம்பு, டைட்டானியம். எங்கள் டின்களில் இருப்பதெல்லாம் வரிசையாக! சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை காலையில் வேனில் ஏறும்போதே ஆரம்பித்துவிடுவான்.

"கேளு டோர்தே! கோபால்ட் அணுவுக்கு அஞ்சு அறை இருக்குன்னு வச்சுக்க. தனியா இருக்கிறப்போ அஞ்சும் ஒரே மாடில இருக்கும். சுத்தி ஆறு பேர் வந்து நெருக்கி நிக்கிறாங்க. அம்மோனியாவோ குளோரினோ தண்ணியோ, யாரோ. உடனே அறைங்க பிரிஞ்சிரும். மூணு கீழ் மாடிக்குப் போயிரும், ரெண்டு மேல் மாடிக்குப் போயிரும்!"

"யாரு தூக்கிட்டுப் போறாங்க?"

"அந்த ஆறு பேர் நெருக்குறதுதான். கீழ் மாடில இருக்குற எலக்ட்ரான் மேல தாவணும்னா தீனி வேணும். வெளிச்சத்தைத் தின்னுட்டுத் தாவும். ரெண்டு மாடிக்கும் நடுவுல எவ்வளவு உயரமோ, அதுக்குச் சரியா அந்த நிற வெளிச்சத்தை மட்டும் தின்னும். யாரு ரொம்ப நெருக்குறாங்களோ அங்க உயரம் ஜாஸ்தி. அதனாலதான் அதே கோபால்ட் ஆளுக்கு ஆள் நிறம் மாறுது!"

இதைச் சொன்னபோது அவன் ஏணியின் எட்டாவது படியில் ஒற்றைக் காலில் நின்றான். கையில் இருந்த ரோலரை ஆட்டி ஆட்டிப் பேசியதில் என் தலையெல்லாம் வெள்ளை. திட்டினேன். ஆனால் உள்ளே ஏதோ குறுகுறுத்தது. இத்தனை வருடம் நாம் சுவரில் பூசியதற்குள்ளே இவ்வளவு தாவல் நடக்கிறதா என்று அன்று மாலை டின்னை மூடும்போது ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். பார்த்ததை அவனிடம் சொல்லவில்லை.

ஜூனில் முதல் தேர்வு. வாய்மொழித் தேர்வு. மேஜைமேல் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒன்றை எடுக்க வேண்டும், எடுத்த கேள்விக்குப் பலகையில் எழுதி இருபது நிமிடம் பேச வேண்டும். இருபது நிமிடம் பேசுவதெல்லாம் அவனுக்கு ஒரு விஷயமா? போய் வந்தவன் முகம் பட்டி பூசிய சுவர் மாதிரி வெளுத்திருந்தது.

"வரிசை மொத்தமும் தலைகீழா சொல்லிட்டேன். யாரு அதிகமா நெருக்குறாங்கன்னு கேட்டா, கம்மியா நெருக்குறவங்களை மேல வச்சேன்."

"எப்படிடா?"

"நீலமா தெரியுற கரைசல் நீல வெளிச்சத்தைத் தின்னுதுன்னு நினைச்சுட்டேன். அது திங்கிறது ஆரஞ்சை. தின்னது போக மிச்சம்தான் நம்ம கண்ணுக்கு வருது. புத்தகத்துல தெளிவா போட்டிருக்கு. படிக்கிறப்போ புரியுது. ஆனா டோர்தே, பதினெட்டு வருஷமா டின்னைத் திறந்தா நீலம் வெளிய வருது. திடீர்னு வந்து, நீலம்னா ஆரஞ்சு காணாமப்போனதுன்னு சொன்னா கை நம்ப மாட்டேங்குது."

நான் சிரித்துவிட்டேன். ஏனென்றால் இவன் தலைகீழாக வைப்பது புதிதல்ல. பிரெடரிக்ஸ்பெர்க்கில் ஒரு பல் டாக்டர் வீட்டில் பறவைப் படம் போட்ட சுவர்த்தாள் ஒட்டச் சொன்னார்கள். பேசிக்கொண்டே நாலு சுவரையும் முடித்தான். நான் வந்து பார்க்கிறேன், நூற்றுக்கணக்கான பறவைகள் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு பறக்கின்றன. டாக்டரம்மா அதைப் பார்த்து அழுதே விட்டாள். முழுவதையும் கிழித்து மறுபடி ஒட்டினோம்.

"பறவையை மறுபடி கவுத்துட்டியா?" என்றேன். அவனும் சிரித்தான், கொஞ்சம் லேட்டாக.

ஆகஸ்டில் இரண்டாவது தேர்வு. இந்தத் தடவை வரிசையை மனப்பாடம் செய்துவிட்டான். குளோரின், தண்ணீர், அம்மோனியா, சயனைடு என்று குறைந்த நெருக்கலிலிருந்து அதிக நெருக்கல்வரை, ரோலர் போகும் தாளத்துக்கு முணுமுணுத்தபடியே இருந்தான். நிச்சயம் பாஸ் என்று நினைத்தேன். என் வயிறு எரிந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என்ன நடந்தது தெரியுமா? சீட்டு எடுத்திருக்கிறான். பேராசிரியர் விபெகே, நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கேள்விக்குப் போங்கள் என்றிருக்கிறாள். இந்தப் புண்ணியவான் கேட்டிருக்கிறான்: "நிறம் இந்தத் தாவல்லதான் வருதுன்னா, பழைய கதவுல இருக்கே குரோம் மஞ்சள், அதுல குரோமியத்துகிட்ட தாவறதுக்கு அப்படி ஒரு எலக்ட்ரான்கூட இல்லையே? பின்ன ஏன் அவ்வளவு மஞ்சள்?" அவள் அது வேறு வகைத் தாவல், பக்கத்து ஆளிடமிருந்து உலோகத்துக்கு வருவது, அந்தப் பாடம் இன்னும் வரவில்லை என்றிருக்கிறாள். இவன் விட்டானா? தான் சுரண்டிய கதவுகளை எல்லாம் வரிசையாகச் சொல்லி வாதாடியிருக்கிறான். இருபது நிமிடமும் போயே போச்சு. எடுத்த சீட்டின் கேள்விக்கு ஒரு வரி எழுதவில்லை.

"அருமையான கேள்வின்னாங்க டோர்தே! அப்புறம் ஃபெயில் போட்டாங்க."

"நீ வாயால கெட்டடா!"

"கேள்வி சரிதானே?" என்றான். கண் மின்னியது. இவனை என்ன செய்ய?

மூன்றாவது, கடைசித் தேர்வுக்கு அடுத்த ஜூன்வரை காத்திருக்க வேண்டும். அந்த வருடம் முழுக்கச் சனிக்கிழமைகளில் அவன் குறைவாகப் பேசினான். பயம். நாற்பத்து மூன்று வயதில், கூடப் படிக்கும் இருபது வயதுப் பிள்ளைகள் எல்லாம் அந்தப் பாடத்தைத் தாண்டிப் போன பிறகு, ஒரே ஒரு வாய்ப்போடு நிற்கிற பயம். தோற்றால் வேனில் அந்தச் சீட். ஜெயித்தால் இன்னும் அவன் மனதில் இருக்கிற அத்தனை கேள்விக்கும் வழி. எனக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. அவன் தோற்க வேண்டும். அசிங்கமான ஆசைதான், ஆனால் ஆசை.

தேர்வு மதியம் இரண்டு மணிக்கு. அன்று வியாழக்கிழமை. காலை ஏழுக்கே நோரெப்ரோவில் நாங்கள் வேலை செய்துகொண்டிருந்த மாடிப்படிக்கு வந்து நின்றான்.

"வீட்ல உக்காந்தா பைத்தியம் பிடிச்சிரும். ஏதாவது வேலை குடு."

இரண்டாம் மாடிச் சுவர் எங்களைப் படுத்திக்கொண்டிருந்தது. பழைய செந்நிறம் அடியிலிருந்து கசிந்து, வெள்ளை அடித்த பிறகும் சுவர் லேசாக இளஞ்சிவப்பு காட்டியது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்த மாதிரி ஒரு நிறம்.

"பச்சையைப் போட்டு அந்தச் சிவப்பைக் கொல்லு. ரெண்டே சொட்டு. ஜாஸ்தி போட்டா ஆஸ்பத்திரிச் சுவராயிரும்."

"தெரியும், தெரியும்," என்றபடி வாளியில் பச்சையைச் சொட்டிக் கலக்கினான். உதடு மட்டும் முணுமுணுத்தது: "குளோரின், தண்ணி, அம்மோனியா, சயனைடு." அடித்தான். சுவர் நல்ல வெள்ளையானது. இரண்டு பேரும் அதை ஒரு பொருட்டாகவே பார்க்கவில்லை. பெயிண்டர்கள் தினம் செய்கிற வேலை.

பன்னிரண்டரைக்கு அவன் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினான். நான் வேனில் கொண்டுபோய் விட்டேன். எங்கள் ஊரில் வாய்மொழித் தேர்வை யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்கார்ந்து பார்க்கலாம். பெயிண்ட் பட்ட வெள்ளைக் கால்சட்டையோடு நானும் பின்னாலேயே போனேன்.

"நீ எங்க வர்ற?"

"பாக்க வர்றேன். கதவு திறந்துதானே இருக்கு?"

"சத்தம் போட மாட்டியே?"

"நானா?" என்றேன்.

நான் இரண்டு பொருளைத் தயாராக வைத்திருந்தேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்று, என் சட்டைப் பையில் ஒரு சின்னக் காகிதக் கொடி, எங்கள் நாட்டின் சிவப்பு வெள்ளைக் கொடி, ஜெயித்தால் எங்கள் வழக்கப்படி கேக்கில் குத்த. இன்னொன்று, வேனின் பின்னால் ஒரு பையில் அவனுடைய பழைய வெள்ளை வேலையுடுப்பு. முந்தின நாள் நானே துவைத்து, இஸ்திரி போட்டு, பிய்ந்திருந்த முழங்காலைத் தைத்து வைத்தேன். தோற்றால் அப்படியே அழைத்துக்கொண்டு போய்விடுவது. கேக் வாங்கவே இல்லை.

அறையில் விபெகே இருந்தாள். பக்கத்தில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஹோல்கர், தடித்த கண்ணாடி போட்ட, சிரிக்காத மனுஷன். விபெகே என் கால்சட்டையைப் பார்த்தாள்.

"நீங்க பாக்கலாம். ஆனா வாயே திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை வந்தாலும் இந்தத் தேர்வு செல்லாது. சரியா?"

சரி என்று தலையாட்டினேன். என்னிடமா இந்த நிபந்தனை! கடவுளுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

எஸ்கில் சீட்டை எடுத்தான். கோபால்டும் அம்மோனியாவும் என்று இருந்தது. அவன் தோள் லேசாக இறங்கியதைப் பின்னாலிருந்து பார்த்தேன். தெரிந்த கேள்வி! படபடவென்று பலகையில் ஐந்து அறைகளைப் போட்டான், மூன்றைக் கீழே இறக்கினான், இரண்டை மேலே ஏற்றினான், வரிசையை ஒப்பித்தான். குளோரின், தண்ணீர், அம்மோனியா, சயனைடு. நன்றாகப் போனது. என் நெஞ்சு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியது.

அப்போது ஹோல்கர் எழுந்து மூன்று சின்னச் சீசாக்களை மேஜையில் வைத்தார். ஒன்று ஆரஞ்சு. ஒன்று ஊதா. ஒன்று பச்சை.

"வரிசையை மறந்துருங்க. அப்படி ஒரு வரிசையை யாரும் இன்னும் எழுதலைன்னு வச்சுக்கலாம். மூணுலயும் கோபால்ட்தான். ஆரஞ்சுல சுத்தி ஆறும் அம்மோனியா. ஊதால ஒரு அம்மோனியா போய் ஒரு குளோரின் வந்திருக்கு. பச்சைல ரெண்டு குளோரின். அம்மோனியாதான் அதிகமா நெருக்குதுன்னு இந்த மூணு சீசாவை வச்சு எனக்கு நிரூபிங்க."

எஸ்கில் சீசாக்களைப் பார்த்தான். அவன் கழுத்து சிவந்தது.

"ஆரஞ்சு... இது ஆரஞ்சை..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். "இல்ல. ஊதாவுக்குத்தான் சக்தி அதிகம். அப்போ ஊதால..." மறுபடி நிறுத்தினான். "அப்படின்னா குளோரின் அதிகமா நெருக்குது... இல்ல, அது எப்படி?"

பறவைகள்! பறவைகள் மறுபடி கவிழ்ந்துவிட்டன!

ஹோல்கர் காத்திருந்தார். விபெகே கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு நிமிடம் இருந்தது. நான் அந்தப் பச்சைச் சீசாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அட, இது காலையில் வாளியில் சொட்டிய பச்சை மாதிரியே இருக்கிறதே என்று தோன்றியது. அடுத்த நொடி எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் அந்தப் பச்சை என்ன செய்தது? சுவரில் இருந்த சிவப்பைக் கொன்றது. எப்படிக் கொன்றது? தின்றது! பச்சை சிவப்பைத்தான் தின்னும்! பதினெட்டு வருடமாக இந்த மடையன் கையாலேயே கலக்கியிருக்கிறான்!

எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு அந்த அறையில் விடை தெரிந்துவிட்டது! வாய் திறந்தே விட்டது. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். சொன்னால் தேர்வு செல்லாது. சொல்லாவிட்டால் அவன் தோற்பான், இஸ்திரி போட்ட வேலையுடுப்பு வேனில் காத்திருக்கிறது. நான் ஆசைப்பட்டது அப்படியே நடக்கிறது, சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு அந்த ஆசை எங்கே போனதென்றே தெரியவில்லை. டேய், வாளியை நினைடா, வாளியை நினைடா என்று உள்ளே கதறினேன். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் பச்சைச் சீசாவைக் கையில் எடுத்தான். வெளிச்சத்தில் காட்டினான். அப்புறம் அவன் வலது கை தானாக மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. கலக்குகிற சுற்று. அந்தக் கையை எனக்குத் தெரியாதா?

"நான் பெயிண்டர்," என்றான்.

"தெரியும்," என்றாள் விபெகே. "கதவுக் கதையெல்லாம் கேட்டிருக்கோம்."

"வெள்ளைச் சுவர் சிவப்பு காட்டினா நாங்க ரெண்டு சொட்டு பச்சை போட்டுக் கொல்லுவோம். இன்னிக்குக் காலைலகூட போட்டேன். கொல்றதுன்னா என்ன? சுவர்லேர்ந்து வர்ற சிவப்பைப் பச்சை தின்னுருது. அப்போ..." அவன் குரல் உடைந்து மேலே போனது. "அப்போ பச்சையா தெரியுறது எல்லாமே எப்பவும் சிவப்பைத் தின்னுக்கிட்டேதான் இருக்கு! டின்னுக்குள்ளயே! அதோட வேலையே அதான்! ஊதாவைக் கொல்லப் பச்சை போடுவோம், பச்சையைக் கொல்ல ஊதா போடலாம். அப்போ இந்த ஊதாச் சீசா திங்கிறது பச்சையை. ஆரஞ்சு அதிகமானா நீலம் போடுவோம். அப்போ ஆரஞ்சுச் சீசா திங்கிறது நீலத்தை!"

சாக்பீஸ் பறந்தது. நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று மாடிப்படி வரைந்தான், முதலாவது உயரம், இரண்டாவது நடுத்தரம், மூன்றாவது குட்டை.

"நீல வெளிச்சத்துக்குத்தான் சக்தி அதிகம், சிவப்புக்குக் கம்மி. ஆறும் அம்மோனியான்னா எலக்ட்ரான் நீலத்தைத் தின்னாதான் ஏற முடியும், அவ்வளவு உயரம். ஒரு குளோரின் வந்ததும் பச்சை போதும். ரெண்டு வந்ததும் சிவப்பே போதும். குளோரின் வர வர மாடி இறங்குது. நெருக்குறது அம்மோனியாதான்! வரிசையே வேணாம், இந்த மூணு சீசா போதும்!"

நான் எழுந்து நின்று கைதட்டிவிட்டேன்.

ஹோல்கர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. விபெகே அவரிடம் குனிந்து, "வார்த்தை எதுவும் வரலையே," என்றாள். அவர் ஒரு கணம் யோசித்து, "இல்ல, வார்த்தை இல்ல," என்றார்.

எங்கள் இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார்கள். மதிப்பெண் முடிவு செய்யும்வரை நடைக்கூடத்தில் நிற்க வேண்டும்.

"நீ என்னைக் கொன்னிருப்ப!" என்று பல்லைக் கடித்தான். "கைதட்டறதுக்கு இது என்ன சர்க்கஸா?"

"எனக்கு விடை தெரிஞ்சிருந்துச்சுடா! உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு!"

"பொய்!"

"பச்சை சிவப்பைத் தின்னும். ஒரு நிமிஷம் முன்னாடியே எனக்குத் தெரியும். வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீ? வாயைப் பொத்திக்கிட்டு?" அப்புறம் இரண்டு பேரும் அந்தக் கூடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரிப்பு நிற்பதற்குள் கதவு திறந்தது.

பன்னிரண்டுதான் எங்கள் ஊரில் உச்ச மதிப்பெண். ஹோல்கர் கை கொடுத்தார். "நடுவுல தடுமாறினீங்க. அதனால பன்னிரண்டு குடுக்க முடியல. பத்து." அப்போதுதான் அந்த மனுஷன் முதல் தடவையாகச் சிரித்தார். "எங்க வீட்டுக் கூடம் கொஞ்சம் சிவப்பு காட்டுது. ரெண்டு சொட்டு போதுமா?"

"ரெண்டே சொட்டு," என்றேன் நான். இப்போது பேசலாம் அல்லவா.

எஸ்கில் வேன்வரை குதித்துக்கொண்டே வந்தான். நாற்பத்து மூன்று வயது மனுஷன்! பின்கதவைத் திறந்தான், மாற்றிய சட்டை இருந்த பையைப் போட. வேலையுடுப்பு அங்கே இருந்தது, மடித்து, வெள்ளை வெளேரென்று. எடுத்து விரித்தான். தைத்த முழங்காலை விரலால் தடவினான். குதியாட்டம் நின்றது.

"இது எதுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். "நீ தோத்துட்டா கையோட கூட்டிட்டுப் போலாம்னு. தோக்கணும்னு நினைச்சேன்டா. மூணு வருஷமா நினைச்சேன்."

அவன் பேசாமல் இருந்து நான் பார்த்தது வாழ்க்கையில் இரண்டாவது தடவை. அப்புறம் அந்த இஸ்திரி போட்ட உடுப்பைத் தேர்வுச் சட்டைக்கு மேலேயே மாட்டினான், பொத்தானைப் போட்டான்.

"ரெண்டாம் மாடிக்கு இன்னொரு கோட் பாக்கி. வா முதலாளியம்மா."

கேக் இல்லை. வழியில் இரண்டு இலவங்கப்பட்டைத்தூள் பன் வாங்கிக் கொடியை அதில் குத்தினேன். சாயங்காலம்வரை அடித்தோம். அவன் ஏணியில், நான் கீழே பிடித்துக்கொண்டு. டைட்டானியம் ஏன் வெள்ளை தெரியுமா, அதுகிட்ட தாவ எலக்ட்ரானே மிச்சம் இல்ல, எதையும் திங்காது, வந்த வெளிச்சத்தை அப்படியே திருப்பிக் குடுத்துரும், என்று அவன் மேலிருந்து கத்திக்கொண்டிருந்தான். என் தலையில் வெள்ளைச் சொட்டு விழுந்தது. நான் துடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பெயிண்ட் கடைக்குப் போய், மூன்று வருடமாக எழுதாத விளம்பரத்தை எழுதினேன். அவன் கோடை முழுக்க ஆய்வகத்தில் இருப்பான், அதற்கப்புறம் சனிக்கிழமை வருவதும் சந்தேகம்தான். முழங்கால் இனித் தாங்காது. வேலைக்கு ஆள் தேவை, ஆணோ பெண்ணோ, உயரத்துக்குப் பயப்படாதவர். சுவர்த்தாளில் பறவைகளை நேராக ஒட்டத் தெரிந்திருக்க வேண்டும். அதிகம் பேசாதவராக இருந்தால் நல்லது.

பலகையில் குத்துவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். கடைக்காரனிடம் பேனாவைத் திரும்பக் கேட்டு வாங்கி, கடைசி வரியை அடித்துவிட்டேன்.